ஆடுகள் ஈனும் காலத்தில் நாயோடு வயல்வழி நடப்பது

கேள்வி இதுதான்: லண்டனில் வசிக்கும் ஒரு குடும்பம். இரண்டு வயது லாப்ரடார். பூங்காவில் கூப்பிட்டால் ஓடி வந்துவிடும், இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஈஸ்டர் விடுமுறையில் ஒரு வாரம் யார்க்‌ஷயர் டேல்ஸ் (வட இங்கிலாந்தின் மலைப்பகுதி) பக்கம் போகிறார்கள். வயல்வெளியில் அவிழ்த்து விடலாமா, வேறு என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

முதலில் நேரான பதில்: வேண்டாம். மார்ச் முதல் ஜூலை வரை, ஆடு மாடு மேயும் இடத்திலும், திறந்த மேட்டு நிலத்திலும் நாய் லீடிலேயே இருக்கட்டும். லீட் என்று இங்கே சொல்வது, கழுத்துப்பட்டையிலோ, மார்பைச் சுற்றிப் போடும் வாரான ஹார்னஸிலோ மாட்டிக் கையில் பிடிக்கும் அந்தக் கயிற்றைத்தான். “எங்கள் நாய் கடிக்காது” என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வசந்த காலத்தில் நாய் கடிக்க வேண்டியதே இல்லை. ஓடினாலே போதும், சேதம் நடந்துவிடும். ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

செம்மறி ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். நவம்பர் 5 அன்று, பட்டாசு வெடிக்கும் இரவையொட்டிக் கிடாவைச் சேர்த்தால் ஏப்ரல் முதல் தேதி வாக்கில் குட்டி விழும் என்பது இங்குள்ள விவசாயிகளின் பழைய கணக்கு. தெற்கிலும் தாழ்நிலங்களிலும் பிப்ரவரியிலேயே, சில பண்ணைகளில் அதற்கும் முன்பே ஈனத் தொடங்கிவிடும். டேல்ஸ் போன்ற மலைப்பகுதிகளில் புல் தாமதமாக முளைப்பதால் ஏப்ரலும் மே மாதமும்தான் உச்சம். ஆக, நீங்கள் போகும் அதே வாரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நிறைமாத ஆடுகளும், பிறந்து சில மணி நேரமே ஆன குட்டிகளும் இருக்கும்.

நிறைசினை ஆட்டை ஒரு நாய் துரத்தினால் அது அங்கேயே விழாது. ஓடும், மூச்சிரைக்கும், பிறகு மேயவும் தொடங்கிவிடும். பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். அந்த அதிர்ச்சியில் ஓரிரு நாள் கழித்துக் குட்டி வீசிவிடலாம். வயிற்றில் இரட்டைக் குட்டி இருந்து, பயத்தில் தீனி எடுக்காமல் போனால், உடலில் சர்க்கரை குறைந்து தாயே சாகலாம். மந்தையாகத் துரத்தப்படும் ஆடுகள் வேலி மூலையிலோ கல்சுவரோரத்திலோ ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கி மூச்சுமுட்டிச் சாவதும் உண்டு. அவற்றின் உடலில் ஒரு பல் தடம்கூட இருக்காது.

பிறந்த குட்டிகளின் கதை வேறு. தாய் தன் குட்டியை வாசனையால் அடையாளம் கொள்வது பிறந்த முதல் சில மணி நேரத்தில். நக்கிக்கொடுத்து, பால் கொடுத்து, அந்தப் பிணைப்பு ஏற்படுவதற்குள் ஒரு நாய் நடுவே புகுந்து பிரித்துவிட்டால், திரும்பி வரும் தாய் குட்டியை முட்டித் தள்ளிவிடக்கூடும். சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் நன்றாக உறிஞ்சிக்கொள்வதும் முதல் ஆறு மணி நேரத்தில்தான். ஒரு நாளுக்குள் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஈரமான குட்டி, குளிர்காற்று, காலி வயிறு. இவை மூன்றும் சேர்ந்தால் அன்றிரவைத் தாண்டாது.

சட்டமும் இதைத்தான் ஒட்டி நிற்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1953-இல் வந்த கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, கடிப்பது மட்டுமன்றி, காயமோ குட்டி வீச்சோ ஏற்படக்கூடிய விதத்தில் துரத்துவதும் குற்றம். செம்மறி ஆடுகள் இருக்கும் வயலில் லீடும் இல்லாமல், நெருங்கிய கட்டுப்பாடும் இல்லாமல் நாய் திரிவதையும் அந்தச் சட்டம் அதே குற்றத்தில் சேர்க்கிறது. கால்நடையைத் தாக்கும் நாயை வேறு வழியில் தடுக்க முடியாத நிலையில் விவசாயி சுட்டுக் கொன்றால், 48 மணி நேரத்துக்குள் போலீசில் அறிவித்திருக்கும் பட்சத்தில், 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. ஸ்காட்லாந்துக்குப் போனால், 2021 நவம்பரிலிருந்து அங்கே அபராதம் 40,000 பவுண்டு வரை, சிறை 12 மாதம் வரை.

எங்கே என்ன விதி என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பச்சைக் கோடுகளால் குறித்திருப்பவை பொதுவழிகள். தனியார் வயலின் நடுவே போனாலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு, நாயையும் கூட்டிப் போகலாம். ஆனால் அந்த உரிமை பாதையின் அகலத்துக்கு மட்டுமே. அங்கே லீடின் நீளத்தைப் பற்றி நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை; நாய் உங்கள் பார்வையில் இருக்க வேண்டும், கூப்பிட்ட உடனே வர வேண்டும், பாதையை விட்டு விலகக் கூடாது. வரைபடத்தில் வெளிர் மஞ்சள் பூசியிருக்கும் பகுதி திறந்த அணுகல் நிலம்: மேட்டுப்புல்வெளி, ஹெதர் என்ற குறும்புதர் படர்ந்த மூர் எனும் தரிசு மேட்டுநிலம், பொதுமேய்ச்சல் நிலம். அங்கே பாதையை விட்டும் நடக்கலாம். அதற்கு ஈடாக 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கட்டுப்பாட்டையும் வைத்திருக்கிறது: மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய் 2 மீட்டருக்கு மிகாத, நீளாத லீடில் இருக்க வேண்டும், கால்நடைக்கு அருகில் ஆண்டு முழுவதும் அப்படித்தான். பொத்தானை அமுக்கினால் நீண்டுகொண்டே போகும் சுருள் லீட் இதில் சேராது.

டேல்ஸில் இன்னொன்றும் உண்டு. வேட்டைக்காகக் கிரௌஸ் பறவை வளர்க்கும் மூர் நிலங்களில் அணுகல் உரிமையின் கீழ் வரும் நாய்களை ஐந்தாண்டு வரைக்கும் முழுவதுமாகத் தடை செய்ய நில உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. ஆடு ஈனும் 15 ஹெக்டேருக்கு உட்பட்ட அடைப்புகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஆறு வாரம் வரை தடுக்கலாம். நுழைவு வாயிலில் அறிவிப்பு தொங்கும். அந்த நிலத்தின் ஊடே பொதுவழி போனால் அந்தப் பாதைக்கு மட்டும் இந்தத் தடை பொருந்தாது. ஆகவே நாயோடு போகும் நாளில் பொதுவழிகளை ஒட்டியே நடையைத் திட்டமிடுவது நல்லது.

அந்த மார்ச்–ஜூலைக் கட்டுப்பாடு ஆடுகளுக்காக மட்டும் வந்ததன்று. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காகவும்தான். நம் ஊரில் ஆள்காட்டிக் குருவி கட்டாந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும் அல்லவா, அதன் உறவான லேப்விங் பறவை டேல்ஸின் ஈரமான மேய்ச்சல் நிலங்களில் அதையேதான் செய்கிறது. வானம்பாடி புல் கட்டுக்குள் கூடு வைக்கும். நீண்டு வளைந்த அலகுள்ள கர்லூவும் தரைதான். உலகில் இனப்பெருக்கம் செய்யும் கர்லூக்களில் ஏறக்குறைய கால் பங்கு பிரிட்டனில் இருப்பதாகச் சொல்வார்கள், அவையும் குறைந்துகொண்டே வருகின்றன. நான்கு முட்டை, நான்கு வாரம் அடைகாப்பு. நாய் அருகே வந்தால் தாய் எழுந்து பறக்கும். முட்டை குளிரும், காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். பொரித்த குஞ்சுகள் ஒரு நாளுக்குள் கூட்டை விட்டு நடந்துவிடும். ஆனால் பறக்க ஐந்து வாரம் ஆகும். அதுவரை ஆபத்து வந்தால் அவை ஓடுவதில்லை, புல்லோடு புல்லாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். லாப்ரடாரின் மூக்குக்கு அது மறைவே இல்லை. உங்கள் தலைக்கு மேலே ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டு வட்டமடித்தால், அது உங்களை வரவேற்கவில்லை. கூடு பக்கத்தில் இருக்கிறது. நாயைக் காலோடு அணைத்துக்கொண்டு பாதையிலேயே வேகமாகக் கடந்துவிடுங்கள்.

மாடுகளுக்கு வரும்போது விதி ஓரிடத்தில் தலைகீழாகும், இதை வீட்டில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் இருந்த மாடுகளை ஏப்ரல் வாக்கில் புல்வெளிக்குத் திறந்துவிடுவார்கள். கன்றோடு இருக்கும் பசு நாயை ஓநாயாகத்தான் பார்க்கும். பிரிட்டனில் மாடு மோதி நடைபயணிகள் இறந்த சம்பவங்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் கூடவே நாய் இருந்திருக்கிறது, கன்றும் இருந்திருக்கிறது. வயலுக்குள் நுழையும் முன் வாயிலில் நின்று கன்று எங்கே படுத்திருக்கிறது என்று பாருங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். லீடைக் குறுக்கிப் பிடித்து, சத்தமில்லாமல், சுற்றிப் போங்கள். பாதை மந்தையின் நடுவே போனால் விலகி நடந்து பிறகு பாதையில் சேர்ந்துகொள்வதை யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள். இளங்காளைகளும் கிடாரிகளும் ஆர்வத்தில் கூட்டமாகப் பின்னால் வரும். ஓடாதீர்கள், ஓடினால் அவையும் ஓடும். நின்று, திரும்பி, கைகளை அகல விரித்துக் காட்டுங்கள். பிறகு நிதானமாக நடையைத் தொடருங்கள்.

தலையைத் தாழ்த்தி, தரையைக் காலால் கீறி, மாடு உண்மையாகவே பாய வந்தால் லீடைக் கையிலிருந்து விட்டுவிடுங்கள். அதன் குறி நாய்தான். நாய் உங்களைவிட வேகமாக ஓடித் தப்பிவிடும். நாயைக் காப்பாற்ற அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர்கள்தான் மிதிபடுகிறார்கள். இதனாலேயே லீடின் கைப்பிடியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இடுப்பில் கட்டும் லீடும் மாட்டு வயலுக்கு ஆகாது.

பூங்காவில் கூப்பிட்டால் வரும் நாய் இங்கே வராதா என்று கேட்டால், பெரும்பாலும் வராது. பூங்காவில் அதற்குப் போட்டியாக இருப்பது பந்தும் அணிலும்தான். ஒரே திசையில் ஓடும் முப்பது ஆடுகளை அது பார்த்ததில்லை. துரத்தும்போது காதில் எதுவும் விழாது. அப்படி ஒருவேளை கைநழுவி ஓடிவிட்டால், கத்திக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள், நீங்களும் வேட்டைக்கு வருவதாக அது நினைத்துக்கொள்ளும். விசிலை ஊதிவிட்டு எதிர்த்திசையில் ஓடுங்கள். பிடித்த பிறகு அடிக்க வேண்டாம். அடுத்த முறை அருகிலேயே வராது. ஆடுகள் நின்றுவிட்டன, ரத்தம் எதுவும் தெரியவில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். அடர்ந்த கம்பளி ரோமத்துக்கடியில் கடிக்காயம் தெரியாது, சீழ் பிடித்து ஈ முட்டையிட்டுப் புழு வைத்த பிறகுதான் தெரியும். பண்ணை வீட்டைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள். ஆள் இல்லாவிட்டால் 101 எண்ணில் போலீசிடம் இடத்தைச் சொல்லுங்கள். அன்றைக்கே தெரிந்தால் ஊசி போட்டுக் காப்பாற்ற முடிகிற ஆடுகள் உண்டு. சங்கடமான பேச்சுதான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

கொஞ்சம் ஓடியாட இடம் வேண்டுமென்றால், ஆளும் கால்நடையும் இல்லாத அகலமான பாதையில் 10 மீட்டர் நீளக் கயிறு உதவும். அதை ஹார்னஸில் மட்டும் மாட்டுங்கள். கழுத்துப்பட்டையில் மாட்டினால் முழு வேகத்தில் ஓடி இழுபடும்போது கழுத்தெலும்பு அடிபடும். மூர் நிலத்தில் அந்தக் கயிறு 2 மீட்டர் விதிக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். டேல்ஸில் பல சாலைகளுக்கு வேலியே இல்லை, ஆடுகள் தார்ச்சாலையிலேயே படுத்திருக்கும். காரின் பின்கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளிருந்தபடி லீடை மாட்டிவிடுங்கள். அந்த மூன்று விநாடிகளில்தான் நிறைய நாய்கள் ஓடுகின்றன. வாயில்களைத் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுவிட்டுப் போங்கள். கல்சுவரைத் தாண்டும் படிகளில் நாயைத் தாவவிடும் முன் நீங்கள் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். சுவரோரம்தான் காற்றுப் படாமல் குட்டிகள் படுத்திருக்கும். உரிமையாளர் பெயரும் முகவரியும் பொறித்த வில்லை கழுத்துப்பட்டையில் இருக்க வேண்டும் என்பது 1992 முதல் சட்டம். நடையின்போது உண்மையில் உதவுவது கைபேசி எண், அதையும் சேர்த்துப் பொறியுங்கள்.

தனியாக நிற்கும் குட்டியைத் தூக்காதீர்கள், தாய் பெரும்பாலும் அருகிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். ஆனால் பெரிய ஆடு ஒன்று மல்லாந்து நாலு காலையும் மேலே தூக்கிக் கிடந்தால் அது தூங்கவில்லை. ரோமமும் சினையும் கனத்து, தானாகப் புரண்டு எழ முடியாமல் கிடக்கிறது. வயிற்றில் வாயு சேர்ந்து சில மணி நேரத்தில் செத்துவிடும். நாயை வேறொருவர் தூரத்தில் பிடித்துக்கொள்ளட்டும். ரோமத்தைப் பக்கவாட்டில் கொத்தாகப் பிடித்து உருட்டி நிமிர்த்துங்கள், கால் தரிக்கும் வரை இரண்டொரு நிமிடம் தாங்கிப் பிடியுங்கள், பிறகு பண்ணையில் சொல்லுங்கள்.

நாயின் மலத்தை அள்ளுவது ஊர் ஒழுக்கம் மட்டுமல்ல. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாய் மலத்தின் வழியாகப் புல்லில் சேர்ந்து, அதை மேயும் பசுவைக் கன்று வீசச் செய்யும். ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி உண்டாக்கும் நாடாப்புழுவின் முட்டையும் நாயின் வயிற்றிலிருந்தே வருகிறது. ஆகவே குடற்புழு மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில் கொடுங்கள், பச்சை இறைச்சியோ செத்த ஆட்டையோ தின்ன விடாதீர்கள், பையில் அள்ளியதைக் கிளையில் தொங்கவிடாமல் குப்பைத்தொட்டி வரும்வரை சுமந்து போங்கள். பிளாஸ்டிக் பையோடு தொங்குவது, அள்ளாமல் விட்டதைவிட மோசம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்தப் பத்தியை இருமுறை படியுங்கள். ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் புல்லில் கிடக்கும். நாய்க்கு அது விருந்து, உருளவும் செய்யும். ஆடுகளைக் குட்டி வீசவைக்கும் கிளமிடியா வகை, டாக்ஸோபிளாஸ்மா, லிஸ்டீரியா, கியூ காய்ச்சல் ஆகிய தொற்றுகள் அதிலிருந்து மனிதருக்கும் வரலாம். கருச்சிதைவு வரை கொண்டுபோகும். கர்ப்பிணிகள் ஈனும் ஆடுகளின் அருகே போகக் கூடாது, குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் சுற்றுலாப் பண்ணைகளும் அதில் சேரும். வயலில் உருண்டு வந்த நாயைக் கழுவுவது, சேறு பட்ட காலணி, துண்டு இவற்றைத் தொடுவது எல்லாம் வேறொருவர் செய்யட்டும்.

நாயின் உடம்புக்கு வரும் ஆபத்துகளில் முதலில் உண்ணி. வசந்தத்தில் வெயில் ஏறத் தொடங்கியதும் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். லைம் நோய் அதன் வழியே நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காது மடல், கண்ணிமை, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, அக்குள், தொடை இடுக்கு, விரலிடை எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் நேரம் கூடக்கூடத் தொற்றும் வாய்ப்பும் கூடும், ஆகவே அன்றன்றே எடுங்கள். மருந்துக்கடையில் சில பவுண்டுக்குக் கிடைக்கும் உண்ணிக் கொக்கியைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் நுழைத்து, இழுக்காமல் மெல்லத் திருகினால் முழுதாகக் கழன்று வரும். மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். உறுத்தல் தாங்காமல் உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். உண்ணிக்காகக் கழுத்தில் சொட்டு மருந்து விடுகிறவர்கள், அதற்குப் பிறகு நாயை ஓடையில் இறக்காதீர்கள். லேபிளில் சொன்ன நாட்களைவிடக் கூடுதலாகவே தள்ளிப்போடுங்கள். இங்கிலாந்தின் 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுத்த தண்ணீர் மாதிரிகளை ஆராய்ந்தபோது, இந்த மருந்துகள் சிலவற்றில் உள்ள ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. நீர்ப்பூச்சிகளுக்கு அது நஞ்சு.

பிரிட்டனில் இருக்கும் ஒரே நச்சுப்பாம்பு ஆடர் என்ற விரியன். முதுகில் கரிய வளைவுக்கோடு ஓடும். மார்ச் வாக்கில் குளிருறக்கம் முடிந்து வெயில்படும் சரிவுகளிலும் ஹெதர் புதரோரத்திலும் உடம்பைச் சூடேற்றிக் கிடக்கும். நாய் மூக்கை நீட்டினால் முகத்தில் அல்லது முன்னங்காலில் கடிபடும். மளமளவென்று வீங்கும். இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். எல்லா மருத்துவமனையிலும் விஷமுறி மருந்து இருக்காது என்பதால் வழியிலேயே போன் செய்து கேளுங்கள். விடுமுறை வீட்டுக்கு அருகே ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

செடிகளில், ஏப்ரல் காட்டில் பூண்டு மணம் தூக்கும் அகன்ற இலைகள் காட்டுப்பூண்டு. வெங்காயமும் பூண்டும் போலவே அதுவும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், சோர்வும் வெளிறிய ஈறும் சில நாள் கழித்துத்தான் தெரியும். டாஃபடில் கிழங்கும் நீலமணிப் பூக்களும் வாந்தி எடுக்க வைக்கும். ஓடைக்கரை மண்சரிவில் வெளியே தெரியும், கேரட் கொத்துப் போன்ற வெள்ளைக் கிழங்குகளைக் கவ்வினால் உடனே வாயிலிருந்து பிடுங்கிவிடுங்கள். நீர் ஹெம்லாக் வகை, மிகக் கொடிய நஞ்சு. கட்டுச்சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்: வெங்காயம் வதக்கிய எதுவும், பிரியாணி எலும்பும், பாயசத்துத் திராட்சையும், குழந்தைகள் ஒளித்து விளையாடும் ஈஸ்டர் சாக்லேட் முட்டையும் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். சேற்றுக்காட்டில் நடந்து வந்தால் கால்களை அன்றே கழுவித் துடையுங்கள். காரணம் இன்னும் உறுதியாகாத, சிறுநீரகத்தைத் தாக்கும் ஒரு புண்நோய் மே மாதம் வரை அங்கங்கே தென்படுகிறது. முழங்காலுக்குக் கீழே காரணம் தெரியாத புண் வந்தால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

உங்கள் நாய் முழு வேகத்தில் ஓடியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நாய்களுக்கென்றே வேலியடைத்து அரைமணி, ஒருமணிக் கணக்கில் வாடகைக்கு விடும் வயல்கள் இப்போது நாடெங்கும் உள்ளன. ஈஸ்டர் வாரத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பக்கத்து வயலில் ஆடு இருக்கிறதா, வேலி ஆறடிக்குக் குறையாமல் இருக்கிறதா, கீழ்விளிம்பில் இடைவெளி உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். உள்ளே போனதும் வாயிலைத் தாழிட்டு, நீங்களே ஒரு சுற்று வேலியைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அவிழ்த்து விடுங்கள்.